மம்பட்டிக்கு நீளக் காம்பு: ஊரிகம் லைன்வாசிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊரிகம் லைன் வீடுகளின் வாசலில் அவரைப் பந்தலும் கனகாம்பரப் பாத்தியும் போட்டு வளர்க்கும் மாமாக்களுக்கும் அத்தைகளுக்கும், அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

நான் கோலார் தங்கவயலின் இந்தச் சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்து வளர்ந்த பெண். பெங்களூரில் பிசியோதெரபி வேலை. லீவு நாட்களில் மாரிக்குப்பம் ரயிலில் வந்து ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கினால், வீடு போய்ச் சேர்வதற்குள் நாலைந்து வாசலிலாவது நின்று பேச வேண்டியிருக்கும். "இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா, எந்தத் தைலம் நல்லது?" என்பார் ஒருவர். "முட்டியை மடக்கினா எழுந்திருக்க முடியல" என்பார் இன்னொருவர். முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பேச்சு தோட்டத்துக்குத்தான் போகும். பாத்தி கொத்தினேன், களை பிடுங்கினேன், தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி ஊற்றினேன் என்பார்கள். அப்புறம் ஒரு சிரிப்பு. "வயசாயிடுச்சு இல்ல?"

வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த வலிக்கு வயது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை. குட்டைக் காம்பு மம்பட்டி, தளும்பத் தளும்ப நிறைத்த குடம், படுக்கையை விட்டு எழுந்ததும் குனிவது, உட்கார்ந்த இருப்பில் ஒரு பாத்தி முழுவதையும் களையெடுத்து முடிப்பது, இவையெல்லாம் சேர்ந்துதான் இடுப்பைப் பிடிக்கின்றன. வயதைக் குறைக்க யாராலும் முடியாது. மற்றதையெல்லாம் மாற்றலாம்.

மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும் இடங்களில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மண் வெட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா என்று தோன்றும். ஆனால் மைனில் நீங்கள் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, வலியைச் சொல்லாமல் இருப்பது. சொன்னால் அன்றைய கூலி போகும், அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேலையே போகும் என்ற பயத்தில், சங்கு ஊதும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். இன்னொன்று, கூரையைத் தட்டிப் பார்க்காமல், டிம்பர் முட்டுக் கொடுக்காமல் பாறைக்கு அடியில் காலை வைக்காதது. முதல் பழக்கம் தோட்டம் வரைக்கும் உங்களோடு வந்துவிட்டது. இரண்டாவது மைனோடு நின்றுவிட்டது. இந்த மடலில் நான் கேட்பதெல்லாம், முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைக் கையில் எடுங்கள் என்பதுதான். பாறை தானாகத் தாங்கி நிற்கும் என்று நீங்கள் ஒருநாளும் நம்பி விட்டதில்லை. முதுகை மட்டும் ஏன் அப்படி விடுகிறீர்கள்?

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மைன் மூடப்பட்டது. அன்றைக்கு முப்பது வயதில் இருந்தவர்கள்கூட இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்தத் தோள், அந்த முட்டி, அந்த நுரையீரல் எல்லாம் ஏற்கெனவே ஒரு வேலைக்காலத்தை முழுதாகக் கொடுத்து முடித்தவை. இப்போது போடும் தோட்டம் உங்களுக்காகப் போடுவது. அதற்காக உடம்பை இன்னொரு தடவை தேய்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முதலில் மம்பட்டி. நம் வீடுகளில் இருக்கும் மம்பட்டிக் காம்பை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் தொடைக்குத்தான் வரும். களைக்கொத்து அதைவிட மோசம், ஒரு முழம்கூட இருக்காது. அதைப் பிடித்து வேலை செய்ய வேண்டுமானால் ஒன்று குந்த வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலிருந்து இரண்டாக மடிய வேண்டும். வேறு வழியே இல்லாதபடிக்கு அந்தக் கருவி செய்யப்பட்டிருக்கிறது.

இதை வைத்து உலகத்தில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லெட்டூஸ் கீரையும் சர்க்கரை பீட்டும் விளையும் பெரிய பண்ணைகளில், மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகளிடம் இரண்டடிக்கும் குறைவான காம்பு போட்ட களைக்கொத்தைக் கொடுப்பார்கள். அவர்கள் அதை 'குட்டையன்' என்ற பொருளில் எல் கோர்டீட்டோ என்றார்கள். நாள் முழுக்கக் குனிந்தே நகர வேண்டும். குட்டைக் காம்பு இருந்தால்தான் பயிர் சேதமாகாமல் களை எடுக்க முடியும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். யார் குனிந்திருக்கிறார், யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பதைக் கண்காணிக்குத் தூரத்திலிருந்தே பார்க்க வசதி என்பது தொழிலாளர்கள் சொன்ன காரணம். முப்பது, நாற்பது வயதிலேயே முதுகெலும்பு தேய்ந்து போனவர்களைப் பற்றி டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸும் அந்தக் களைக்கொத்தைப் பிடித்தவர்தான். கடைசிவரை முதுகுவலியோடு வாழ்ந்தார். 1975-ல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. அப்புறமும் அதே வயல்களில் அதே பயிர்கள் விளைந்துகொண்டுதான் இருக்கின்றன, நீளக் காம்பில்.

சங்கம் என்றால் என்ன, போராட்டம் என்றால் என்ன என்று தங்கவயல்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே இந்தக் கதை உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். நம் வாசலில் கண்காணி யாரும் நிற்கவில்லை. காம்பை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். களைக்கொத்துக்கு உங்கள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு காம்பு போடுங்கள். மம்பட்டிக்கு இப்போது இருப்பதைவிட ஒரு முழமாவது நீளமாகப் போடுங்கள். ஆளுக்கு ஆள் உயரம் வேறு. மாமா பிடிக்கும் மம்பட்டி அத்தைக்குச் சரிப்படாது. வீட்டில் இரண்டு பேர் தோட்டத்தில் இறங்குவதாக இருந்தால் இரண்டு காம்பு வேண்டும். தகடு மழுங்கியிருந்தால் சாணை பிடியுங்கள். மழுங்கின மம்பட்டி பாதி வேலையை மண்ணிடம் வாங்கித் தோளிடம் தள்ளிவிடும்.

நம் மண்ணும் லேசுப்பட்டதில்லை. சரளை கலந்த செம்மண், காய்ந்துவிட்டால் கடப்பாரையே திரும்பித் துள்ளும். அந்த அதிர்ச்சி மணிக்கட்டிலும் முழங்கையிலும்தான் போய் இறங்கும். கொத்த வேண்டிய இடத்தை முதல்நாள் சாயங்காலம் நனைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள். விடிந்ததும் மண் இளகிக் கிடக்கும். செப்டம்பர், அக்டோபர் மழை விட்ட இரண்டாம் நாளுக்காகக் காத்திருந்து கொத்தினால் இன்னும் சுலபம்.

விடிந்ததும் என்றேன், ஆனால் விழித்த உடனே இல்லை. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் தட்டின் மேல் விழும் அழுத்தம் பகலில் விழுவதைவிடப் பல மடங்கு. எழுந்து ஒரு மணி நேரம் நடமாடி, காபி குடித்து, பேப்பர் பார்த்த பிறகு அந்த உப்பல் குறையும். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தே காலுக்குக் களை பிடுங்கக் குனிகிறவர்களுக்கு மட்டும் இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த முதல் ஒரு மணி நேரத்தில் பூப்பறியுங்கள், பந்தலில் காய் பறியுங்கள், கொடியைக் கட்டுங்கள். நின்று செய்கிற எதையும் செய்யுங்கள். குனிகிற வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நம் ஊரில் யாருமே கவனிப்பதில்லை. இருபது நிமிடம் தொடர்ந்து குனிந்தே இருந்தால் முதுகெலும்பைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். நிமிர்ந்த உடனே அவை பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. முழுதாகத் திரும்ப அரை மணிக்கு மேல்கூட ஆகும். அந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. களையெடுத்து முடித்து எழுந்து, அப்படியே தண்ணீர் பக்கெட்டைத் தூக்குவீர்கள். சுருக்கென்று பிடிக்கும். பக்கெட்டின் மேல் பழி போடுவீர்கள். களையெடுத்த இருபது நிமிடம்தான் அதற்கு வழி திறந்துவிட்டது. ஆகவே பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்ந்து, நாலடி நடந்துவிட்டு வாருங்கள். களை முடிந்த கையோடு எதையும் தூக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரமாவது போகட்டும்.

முட்டி வலி உள்ளவர்கள் குந்தவே வேண்டாம். வீட்டில் கிடக்கும் முக்காலியை எடுத்துப் பாத்தி ஓரத்தில் போட்டு உட்காருங்கள். மண்டியிடுவதாக இருந்தால் சாக்கை நாலாக மடித்து முட்டிக்கு அடியில் வையுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி தண்ணீர். நம் லைனில் உடம்பை அதிகம் கெடுப்பது மண்வேலை அல்ல, தண்ணீர்தான் என்பது என் எண்ணம். அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குழாயில் தண்ணீர் விடும் நாளில் ஒரு அத்தை பிளாஸ்டிக் குடத்தை நிறைத்து இடுப்பில் வைப்பதைப் பாருங்கள். குடம் இடது இடுப்பில் உட்கார்ந்ததும் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. இடது கை குடத்தின் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது, வலது கை சேலையைத் தூக்கிப் பிடிக்கிறது. படி இறங்கும்போது தண்ணீர் தளும்புகிறது. தளும்பும் ஒவ்வொரு தடவையும் விலாவின் கீழ்த் தசை வெட்டி இழுக்கிறது. பாத்திக்கு வந்ததும் குடத்தை இறக்கி வைப்பதில்லை. இடுப்பில் இருந்தபடியே குனிந்து, திரும்பி, செடிக்குச் சாய்க்கிறார். சுமை, குனிவு, திருகல் மூன்றும் ஒரே நொடியில் சேர்கின்றன. முதுகெலும்புக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. அவரைக்கும் கீரைக்கும் ரோஜாவுக்கும் நாளொன்றுக்குப் பத்துக் குடம் என்றால் 150 கிலோ, அத்தனையும் ஒரே இடுப்பில். அதே எடையை இரண்டு சின்ன பக்கெட்டில் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்கினால் முதுகுத்தண்டின் மேல் விழும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

தூக்காமலே இருக்க வழி உண்டு என்றால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. பாத்தி ஓரத்தில் நாலு கருங்கல்லை அடுக்கி, அதன் மேல் ஒரு டிரம்மை ஏற்றி, அடியில் ஒரு குழாய் வையுங்கள். தண்ணீர் வரும் நாளில் தெருக்குழாயிலிருந்து ஹோஸ் போட்டு டிரம்மை நிரப்பிவிட்டால், மற்ற நாட்களில் தண்ணீர் தானாகவே இறங்கி வரும். செடிக்குச் செடி பழைய மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடி வைத்தால், பானை தன்பாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்கும். சில நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பூச்சுப் பூசாத பானையாக இருக்க வேண்டும். பாத்தி மேல் காய்ந்த இலையை நாலு விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போட்டால் களையும் குறையும், தண்ணீர்த் தேவையும் குறையும். கோலார் மாவட்டம் வறட்சியில் பிழைத்த மாவட்டம். தண்ணீரை மிச்சம் பிடிப்பது நமக்குப் புதிது இல்லை. அதோடு முதுகையும் மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் நான் சேர்த்துச் சொல்வது.

அறுபதைத் தாண்டிய அத்தைகளுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அப்படி மெலிந்த முதுகெலும்பு, குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும் அந்த ஒரு அசைவில் நொறுங்கிப் போகலாம். கீழே விழவே வேண்டாம். நடு முதுகில் சட்டென்று ஒரு வலி, மூச்சு விட்டால் குத்தும், படுத்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தால் அதை வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகில் மிதிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

அடுத்து ட்ரில்லர் வேலை பார்த்த மாமாக்களுக்கு. வருஷக்கணக்கில் பாறையைத் துளைக்கும் மெஷினைப் பிடித்த கையில், விரலின் சின்ன ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதிர்வில் கெட்டுப் போயிருக்கும். டிசம்பர் காலையில் நம் ஊர்க் குளிரில் குழாய்த் தண்ணீரில் கை வைத்ததும் விரல் நுனி சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்து மரத்துப்போகிறது, கொஞ்ச நேரம் கழித்துச் சூடேறும்போது கருஞ்சிவப்பாகி எரிகிறது என்றால் அது அந்த வேலையின் மிச்சம். பனிக்காலத்தில் வெயில் ஏறின பிறகு தோட்டத்தில் இறங்குங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய காம்பை இறுக்கிப் பிடிப்பதுதான் அந்த விரலுக்கு ஆகாது. பழைய சைக்கிள் டியூபை அறுத்துக் காம்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தடிமனாக்கிவிட்டால் பிடி தளர்ந்தாலும் வழுக்காது. புல் வெட்டும் மெஷினை நீங்கள் தொடாமல் இளையவர்களிடம் விட்டுவிடுங்கள். பீடி அந்த ரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். மரத்துப்போன விரலில் அரிவாள் பட்டாலும் தெரியாது; வேலை முடிந்ததும் இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

நுரையீரலைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். பாறைத்தூசி தின்ற நுரையீரல் நம் லைனில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சிலிகோசிஸ் ஒருமுறை வந்தால் திரும்பிப் போகாது. அந்த நோய் உள்ளவர்களுக்கு டிபி பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே காய்ந்த மண்ணைக் கொத்துவதும் காய்ந்த தரையைப் பெருக்குவதும் உங்களுக்கு வேண்டாம். தூசி எழாமல் இருக்கத் தண்ணீர் பாய்ச்சித் துளை போட்டதை மைனில் பார்த்தவர்கள்தானே நீங்கள். வாசலிலும் அதே மாதிரி முதலில் தெளித்துவிட்டுக் கொத்துங்கள். துண்டைச் சுற்றிக்கொண்டால் கண்ணுக்குத் தெரிகிற தூசிதான் நிற்கும்; நுரையீரலின் அடி வரை போகும் நுண்தூசி துணிக்குள் புகுந்துவிடும். என்95 மாஸ்க் போடுங்கள். வேலை செய்யும்போது ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் மம்பட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

சயனைடு மலையிலிருந்து மண் அள்ளிக்கொண்டு வந்து பாத்தியில் கொட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து இன்றோடு விடுங்கள். மாவுபோல மென்மையாக இருக்கிறது, தொட்டிக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும். அந்த மென்மைதான் ஆபத்து. தங்கம் பிரிப்பதற்காகப் பாறையை அரைத்த அரைப்பு அது, பெரும்பகுதி சிலிகா. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையும். பாறையோடு வந்த உலோகங்கள் சிதையாது. கீரையும் கிழங்கும் அவற்றை வேர் வழியாக இழுத்துக்கொள்ளும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி தானாகவே வீட்டுக்குள் வருகிறது, அதையே நம்மால் தடுக்க முடியவில்லை. கையால் அள்ளி வேறு கொண்டுவர வேண்டாம். காற்றடிக்கும் அந்த மாதங்களில் கீரையைப் பலமுறை அலசுங்கள்.

கால். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பாத்தியில் இறங்குவது நமக்குப் பழக்கம். 1842-ல் மதுரையில் ஜான் கில் என்ற டாக்டர் ஒரு கால் நோயைப் பற்றி எழுதினார். முள்ளோ குச்சியோ குத்தின இடத்தின் வழியாக மண்ணில் உள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய், வருஷக்கணக்கில் கால் வீங்கிப் புரையோடி, அதிலிருந்து குருணை குருணையாக வெளியே வரும். உலகத்து மருத்துவப் புத்தகங்கள் இன்றுவரை அதை மதுராக் கால் என்றும் சொல்கின்றன. ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கோ முள் குத்தினதே தெரியாது. மூடின செருப்போ பழைய மைன் பூட்ஸோ எதையாவது போட்டுக்கொண்டு இறங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

டெட்டனஸ் கிருமி தோட்ட மண்ணிலும் சாண எருவிலும் உறங்கிக்கொண்டிருப்பது. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஊசி என்று இல்லை. ரோஜா முள் போதும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்குப் பட்ட ஆழமான காயமாக இருந்தால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தாலே மறுபடி போட வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாதவர்கள் நினைவுபடுத்தப் பார்க்காமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணில் தட்டையோ இலைநுனியோ குத்தினால் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தழைச்சாறு எதுவும் விடாதீர்கள். மெடிக்கல் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடுவது அவற்றைவிட மோசம். செடி குத்தின கண்ணில் பூஞ்சை வளர்ந்தால் அந்த மருந்து அதற்கு உரம் போட்ட மாதிரி ஆகிவிடும், கருவிழி வெந்து பார்வையே போய்விடும்.

பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ விடுவதற்கு முன், முழுக்கைச் சட்டையும் கையுறையுமாகப் பிடுங்குங்கள். கழுத்திலும் கண்ணிமையிலும் அரிப்பு வந்து தோல் தடித்தவர்கள் அந்த வேலைக்கே போக வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அந்தச் செடியின் துகள் காற்றில் பறந்து வந்தாலே போதும்.

முருங்கைக் கிளை எவ்வளவு தடியாக இருந்தாலும் நம்பி ஏறாதீர்கள், அது சொல்லாமல் முறியும் மரம். தொரட்டி போட்டுப் பறியுங்கள். காய்ப்பு முடிந்ததும் கைக்கெட்டும் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடுத்த காய்ப்பு பக்கத்திலேயே தொங்கும்.

பாம்பு. பழைய மில் சுவர், கல்குவியல், புதர் எல்லாம் சுற்றி இருக்கிற ஊர் நம்முடையது. விறகுக்கும் கல்லுக்கும் அடியில் கையை விடும் முன் கொம்பால் தட்டுங்கள். இருட்டில் தண்ணீர் விடப் போனால் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றே வழி. மந்திரிப்பவரிடம் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். 2024-ல் கர்நாடக அரசு பாம்புக்கடியைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய ஒன்றாக அறிவித்திருக்கிறது. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எந்த வலிக்கு வீட்டில் இருக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். வேலை செய்த மறுநாள் தசையில் வரும் நோவு இரண்டு மூன்று நாளில் அடங்கும். அதற்காகப் படுக்கையில் கிடக்க வேண்டாம், மெதுவாக நடமாடினால்தான் சீக்கிரம் போகும். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கி மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள். கால் பலம் இழந்து தரையில் இழுபட்டால், சிறுநீர் போவது தெரியாமலோ போக முடியாமலோ ஆனால், உட்காரும் இடம் மரத்துப்போனால் அன்று ராத்திரியே போக வேண்டும். விடியட்டும் என்று இருந்தால் அந்த நரம்பு திரும்பக் கிடைக்காது. மம்பட்டி வெட்டும்போது நெஞ்சை அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி ஏறினால் சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இத்தனையும் படித்துவிட்டுத் தோட்டமே வேண்டாம் என்று யாராவது முடிவு செய்துவிடுவீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். மைன் மூடின பிறகு எத்தனையோ பேர் திண்ணையில் உட்கார்ந்தே சுருங்கிப் போனதை நாம் பார்த்தோம். தினமும் மண்ணில் இறங்கி நிமிர்கிறவர்களின் கால் பலமும் தூக்கமும் சர்க்கரை அளவும் சும்மா இருப்பவர்களைவிட நன்றாகவே இருக்கும். உங்கள் தோட்ட வேலையை நிறுத்துவதற்கு எழுதின மடல் இல்லை இது. எழுபதிலும் எண்பதிலும் நீங்கள் அதில் இறங்க வேண்டும் என்பதற்காக எழுதினது.

ஒரு வேண்டுகோள். காம்பு மாற்றுவதை ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்ய வேண்டாம். லைனுக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, யார் யாருக்கு என்ன நீளம் என்று அளந்து எழுதி, மொத்தமாக ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்தால் கூலி குறையும். அதோடு லைனுக்குப் பொதுவாக ஒரு கைவண்டியும் வாங்கிப் போட்டால், எரு மூட்டையை இனி யாரும் தோளில் ஏற்ற வேண்டாம். அடுத்த லீவுக்கு வரும்போது அளக்கும் டேப் எடுத்து வருகிறேன். உங்கள் மம்பட்டி, களைக்கொத்து எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வையுங்கள். வலி இருக்கிறவர்கள் எங்கே, எப்போதிலிருந்து என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் லைன் பெண்